பாற்குவளையில் விழுந்த அணுத்தூசு

யுத்தமும் சமாதானமும் அரசாங்கங்களின் காரியங்கள், அடுக்களையில் இருப்போருக்கு அவற்றில் என்ன வேலை என்று கேட்போர் இன்றும் உளர். ஐக்கிய அமெரிக்காவின் தாய்மார் 1961ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு அளித்த விடையை அன்னாருக்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

ஏறக்குறைய மூன்றாண்டுகள் தாம் நிறுத்தி வைத்திருந்த அணுகுண்டுப் பரீட்சைகளைச் சோவியத் ரஷ்யாவும் அமெரிக்காவும் அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் மீண்டும் தொடங்கின. வெளியில் வெடிக்கும் அணுகுண்டின் தூசில் ஸ்ட்ரோந்தியம் 90 என்னும் கதிரியக்கப் பொருள் உண்டு. அது காற்றிற் பரந்து, மழையோடு இறங்கி, புல்லிற் படிகின்றது; புல்லை மேய்ந்த பசுவின் பாலிற் சேர்கின்றது. குணத்தில் கல்சியத்தை ஒத்திருப்பதால், பாலருந்தும் குழந்தையின் உடல் அதனை வேற்றுப் பொருளென அறியாது எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக் கொள்கின்றது. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைவதற்கே 28 ஆண்டுகளுக்கு மேற் செல்லும்.

இது வீண் அச்சமன்று. சென் லூயிஸ் நகரத்து விஞ்ஞானிகளும் குடிமக்களும் 1958ஆம் ஆண்டு முதல் குழந்தைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து ஆராய்ந்தனர். நம் பிள்ளைகள் கூரைமேல் எறியும் பல்லை அவ்வூர்ப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்குக் கொடுத்துச் சிறு சின்னமொன்றைப் பரிசாகப் பெற்றனர்! பிந்திப் பிறந்த பிள்ளைகளின் பற்களில் அந்நஞ்சு ஏறிச் செல்வதை ஆராய்ச்சி காட்டிற்று.

வாஷிங்டனில் சிறுவர் நூல்களுக்குச் சித்திரம் வரைந்து வந்த டாக்மார் வில்சன் அம்மையாரும் அவர்தம் தோழியரும் விடுத்த அழைப்பை ஏற்று, 1961 நவம்பர் 1ஆந் திகதி பல நகரங்களில் மாதர் வீட்டு வேலையையும் தொழிலையும் ஒருநாள் துறந்து வீதிக்கு வந்தனர். ‘சமாதானத்துக்கான பெண்கள் வேலைநிறுத்தம்’ என்பது அவ்வியக்கத்தின் பெயர். அங்கத்தவர் பட்டியல் கிடையாது. கட்டுக்கோப்பான நிருவாகமும் கிடையாது. கென்னடியின் மனைவியாருக்கும் குருஷேவின் மனைவியாருக்கும் ஒருங்கே கடிதம் எழுதினர். பகைநாட்டிலும் ஒரு தாய் இருக்கின்றாள் என்ற எண்ணமே அவர்களுடைய வெளிநாட்டுக் கொள்கை எனலாம்.

சமாதானம் பேசியவரைப் பொதுவுடைமையாளர் என ஐயுறுவது அக்காலத்து அமெரிக்காவின் வழக்கம். ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகளை’ விசாரிக்கும் காங்கிரஸ் சபைக் குழு 1962 டிசெம்பரில் இப்பெண்களை அழைத்தது. முன்னர் அக்குழுவின் முன் நின்று தொழிலிழந்தோர் பலர். இவர்களோ கைக்குழந்தைகளுடன் மண்டபத்தை நிறைத்தனர். முதற் சாட்சி எழுந்ததும் யாவரும் எழுந்தனர். எழுவதைத் தலைவர் தடுத்ததும் கைதட்டினர். சாட்சி சொன்னோருக்கு மலர்ச்செண்டு வேறு! இயக்கத்தில் இன்னார் சேரலாகாதென விலக்குவீரா என வில்சன் அம்மையாரிடம் வினவினர். உலகத்தார் யாவரும் சேர்ந்தாலன்றி நமக்கு உய்வில்லை என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். அச்சுறுத்த வந்த குழுவைப் பத்திரிகைகள் நகையாடின.

காற்றிலும் விண்வெளியிலும் நீரின் கீழும் அணுப்பரீட்சையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1963 ஓகஸ்ட் 5ஆந் திகதி மொஸ்கோவிற் கைச்சாத்தானது. கென்னடியின் விஞ்ஞான ஆலோசகர் வைஸ்னர் அதன் பெருமையில் இப்பெண்களுக்கும் பங்களித்தார். நிலத்தின் கீழ் வெடிப்பதற்கோ தடையில்லை. பிரான்சும் சீனாவும் கையொப்பமிடவுமில்லை. ஆகவே அம்மாதரும் ஓயவில்லை. 1965 ஜூலையில் அவர்களிற் சிலர் ஜகார்த்தாவுக்குச் சென்று, தம் நாடு போர் தொடுத்திருந்த வியட்நாமின் பெண்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசினர்.