சோறு என்ன பாவம் செய்தது?

நாற்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு இரண்டு பெறுபேறுகளில் திடீரென அக்கறை பிறக்கின்றது. ஒன்று அவன் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு. மற்றது அவனுடைய இரத்தத்தின் பெறுபேறு. முன்னதிற் புள்ளி குறைந்தாற் கவலை. பின்னதிற் புள்ளி கூடினாற் கவலை. இரண்டாவது கவலை என்னை 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் வந்து சேர்ந்தது.

கல்லூரியில் ஆசிரியர்களுக்கென நடந்த வைத்திய பரிசோதனையின்போது, வெறும் வயிற்றில் எடுத்த என் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 118 மில்லிகிராம் சீனி இருப்பதாகக் கண்டார்கள். நூறுக்குக் கீழே இருப்பது நன்று; 126ஐ எட்டினால் நீரிழிவு. நானோ இரண்டுக்கும் நடுவே மதில்மேற் பூனையாக நின்றேன். நிறை 84 கிலோகிராம். இடுப்பின் சுற்றளவு 101 சென்ரிமீற்றர். நம்போன்ற தெற்காசிய ஆண்களுக்கு அது 90ஐத் தாண்டலாகாது என்பர்.

"மாஸ்டர், நீங்கள் இன்னும் நோயாளியல்ல. ஆனால் நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள். உள்ளே போவதும் திரும்பி வருவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது" என்றார் வைத்தியர்.

அந்த வாசற்படி எங்கள் குடும்பத்துக்குப் புதியதன்று. சலரோகம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடும் அந்நோய், என் தந்தையாரின் காற்பெருவிரலை முதலிற் கொண்டு சென்றது. பின்னர் முழங்காலுக்குக் கீழே ஒரு காலைக் கொண்டு சென்றது. இறுதியில் அவரையே கொண்டு சென்றது. அவர் ஓடிய துவிச்சக்கர வண்டி மாத்திரம் கொட்டிலின் மூலையில் எஞ்சியது. ஆகவே அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வந்த நான், இல்லாளிடம் மட்டுமே அதனைச் சொன்னேன். தாயாரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

முற்காலத்தில் ஒருவனுக்கு நோய் வந்தால் ஊரிலுள்ள பரிகாரியார் ஒருவரே புத்தி சொல்வார். இக்காலத்திலோ கைத்தொலைபேசியைத் திறந்தவுடன் ஆயிரம் பரிகாரிமார் வரிசையில் நிற்கின்றனர். ஒருவர் சோற்றை விடு என்கிறார். மற்றவர் காலைப் போசனத்தை விடு என்கிறார். இன்னொருவர் எதையும் விடவேண்டாம், நட என்கிறார். கணிதம் கற்பிப்பவனாகிய நான், எதனையும் செய்து பார்த்தே விடை காண்பது எனத் தீர்மானித்தேன்.

சோற்றைத் துறந்த பத்தொன்பது நாள்

முதலிற் கைக்கொண்டது 'கீட்டோ' என்னும் முறை. மாச்சத்தை ஏறக்குறைய முற்றாக நீக்கிக் கொழுப்பையும் புரதத்தையும் உண்பது அதன் சாரம். கல்லூரியில் எனக்கு இளையவரான ஆசிரியர் ஒருவர் அதனாற் பெரும்பயன் பெற்றதாகக் கூறினார். சோறு, பிட்டு, இடியப்பம், பாண் யாவும் விலக்கு. முட்டை, மீன், தேங்காய், கீரை ஆகியவையே உணவு.

இது புதுமையான கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்தேன். தேடிப் படித்தபோதுதான் அதன் வயது தெரிந்தது. 1921இல் அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த ரசல் வைல்டர் என்பவர், காக்கைவலிப்பு நோயாளருக்காக வகுத்த சிகிச்சை உணவே இது. அதற்கும் முன்னர், 1863இல், வில்லியம் பாண்டிங் என்னும் இலண்டன் வாசி, பாண், சீனி, பால், உருளைக்கிழங்கு முதலியவற்றைக் குறைத்துத் தன் உடல் மெலிந்த வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டிருந்தார். அவருடைய தொழில் ஈமச்சடங்கு நடத்துவது! பிணப்பெட்டிகளோடு பழகியவர் உயிரோடிருப்போருக்கு உணவு நியமம் வகுத்தமை விசித்திரமன்றோ?

முதல் வாரத்திலேயே என் நிறை மூன்று கிலோகிராம் குறைந்தது. வெற்றி வெற்றி என்று துள்ளினேன். ஆனால் அம்மூன்றிற் பெரும்பகுதி வெறும் தண்ணீர் என்பதைப் பின்னரே அறிந்தேன். நாம் உண்ணும் மாச்சத்தின் ஒரு பகுதி ஈரலிலும் தசைகளிலும் 'கிளைக்கோசன்' என்னும் வடிவிற் சேமிக்கப்படுகின்றது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பற்றி வைத்திருக்கும். சேமிப்புக் கரைந்தால் நீரும் வெளியேறும். தராசு மகிழும், கொழுப்போ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தலைவலியும் மலச்சிக்கலும் வந்தன. அவற்றினும் கொடியதாகக் கோபம் வந்தது. பக்கக் கணக்கில் ஒரு சிறு வழு விட்ட மாணவனை நான் ஏசிய ஏச்சு, அடுத்த வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்தவரைக் கதவருகே கொண்டுவந்து நிறுத்தியது. மாலையில் இசை எழுப்பியபடி ஒழுங்கைக்குள் வரும் பாண் முச்சக்கர வண்டியின் ஓசை கேட்டால் வாய் ஊறும், கண்ணும் ஊறும். மீன் விலையும் முட்டை விலையும் மாதச் சம்பளத்தைத் தின்றன.

யாவற்றையும் தாங்கினேன், தாயாரின் முகத்தைத்தான் தாங்க முடியவில்லை. எழுபது வயதைக் கடந்த அவர், நான் பள்ளி விட்டு வரும் நேரம் பார்த்துச் சோறு வடித்து வைப்பார். நாள்தோறும் நான் அதனைத் தொடாமல் எழுந்தேன். பத்தொன்பதாம் நாள் அவர் கோப்பையை எடுத்துக்கொண்டே கேட்டார்:

"சோறு என்ன பாவம் செய்தது, தம்பி?"

அன்றிரவு பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் உண்டேன். இரண்டு வாரத்தில் அம்மூன்று கிலோகிராமும் திரும்பி வந்தன.

பதினாறு மணி நேர உபவாசம்

வைகாசி மாதத்தில் இரண்டாவது பரீட்சை ஆரம்பமாயிற்று. நண்பகல் 12 மணி முதல் இரவு 8 மணி வரை உண்பது. எஞ்சிய 16 மணி நேரம் நீரும் சீனியில்லாத தேநீரும் மட்டும் அருந்துவது. கந்தசஷ்டி நோற்கும் சமூகத்தில் பிறந்தவனுக்கு இது அரிதோ என்று எண்ணினேன். மெய்யாகவே முதற்சில நாட்களின் பின் பசி அடங்கிற்று. ஒரு மாதத்தில் இரண்டு கிலோகிராம் குறைந்தது.

ஆனால் பசியுடன் சேர்ந்து அடங்கவேண்டிய அகந்தை அடங்கவில்லை. உயர்தர வகுப்பில், "பசியை வென்றவன் பாடத்தையும் வெல்வான், என்னைப் பாருங்கள்" என்று பெருமை பேசினேன். மாணவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மாத்திரம் சிரிக்கவில்லை. அதனை அவன் மனத்தில் எழுதிக்கொண்டான் என்பதை நான் அறியவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள், காலைப் பிரார்த்தனையின்போது அம்மாணவன் மயங்கி விழுந்தான். நெற்றி சீமெந்துத் தரையில் அடிபட்டு இரத்தம் வடிந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். இழை போட்டபின் கண் விழித்தவனிடம், ஏன் சாப்பிடவில்லை என்று விசாரித்தேன்.

"சேரும் காலமை சாப்பிடாமல்தானே மெலிஞ்சனீங்கள்" என்றான்.

சற்றுப் பருத்த உடல் அவனுக்கு. சக மாணவர் சிலர் பட்டப்பெயர் வைத்துப் பரிகசித்து வந்தனராம். எனது பேச்சைக் கேட்ட நாள் முதல் அவன் காலை உணவை விட்டான். பின்னர் மதிய உணவையும் பாதியாக்கினான். தாய் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலை நாய்க்கு வைத்தான். ஐந்து வாரமாக இது நடந்திருக்கின்றது. அவனுக்கு வகுப்பெடுத்த எனக்கு அஃது ஒருநாளேனும் கண்ணிற் படவில்லை.

அன்று மாலை அவனுடைய வீட்டுக்குச் சென்று, தாயாரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ தேநீர் தந்து, "பிள்ளை நீங்கள் சொன்னால் கேட்பான், சேர். சாப்பிடச் சொல்லுங்கோ" என்றார். அந்த நம்பிக்கை என் நெஞ்சைச் சுட்டது.

இங்கு ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். வளரும் பருவத்தினர், கருவுற்ற தாய்மார், நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் ஆகியோர் வைத்தியரின் ஆலோசனையின்றி இவ்வித உபவாசங்களில் இறங்குதல் ஆபத்தானது. மேலும் இதில் மந்திரம் எதுவும் இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருத்தோர் 139 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று. எல்லோரும் ஒரே அளவு கலோரியைக் குறைத்தனர். ஒரு பகுதியினர் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டுமே உண்டனர். மற்றவர்களுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஓராண்டின் முடிவில் இரு பகுதியினருக்குமிடையே நிறை குறைந்த அளவிற் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கடிகாரத்திலும் பார்க்கக் கோப்பையின் அளவே முக்கியம் என்பது தெளிவு.

பத்தாயிரம் அடிகள்

ஆவணியில் கனடாவிலிருந்து மைத்துனர் ஒரு கைப்பட்டி அனுப்பியிருந்தார். நாளொன்றுக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணிச் சொல்லும் கருவி அது. பத்தாயிரத்தை எட்டினால் மணிக்கட்டில் நடுங்கி வாழ்த்தும். மாலையிற் பண்ணைக் கடலோரம் நடந்தேன். மழை நாட்களில் இரவு பத்து மணிக்குக் கிணற்றடியையும் முற்றத்தையும் சுற்றினேன். அடுத்த வீட்டு நாய் குரைக்கும்.

"இஞ்சேருங்கோ, அயலட்டையில் ஆரும் பார்த்தால் என்ன நினைப்பினம்?" என்பாள் இல்லாள்.

பத்தாயிரம் என்பது விஞ்ஞானிகள் அளந்து கண்ட எல்லை என நம்பியிருந்தேன். உண்மை வேறு. 1965இல் ஜப்பானின் யமசா நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் 'மன்போ-கெய்'. பத்தாயிரம் அடிமானி என்பது பொருள். விற்பனைக்கு வைத்த பெயரே பின்னர் உலகத்தின் விதியாயிற்று. ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உடைய ஏறக்குறைய 16,700 பெண்களை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். நாளுக்கு 2,700 அடி நடந்தோரிலும் பார்க்க 4,400 அடி நடந்தோரிடையே மரணம் குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் அந்நன்மை மேலும் கூடவில்லை.

இதனைப் படித்த இரவு கைப்பட்டியைக் கழற்றி மகளிடம் கொடுத்தேன். அவள், "அப்பா, நீங்கள் சின்ன வயதில் எத்தனை அடி நடந்தீர்கள்?" என்று கேட்டாள். அக்கேள்வி என்னைக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றது.

கொட்டிலில் இருந்த மருந்து

1990களிற் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குப் பெரும் பஞ்சம் நிலவியது. அக்காலத்து மாணவனான நான் பள்ளிக்கும் தனியார் வகுப்புக்கும் துவிச்சக்கர வண்டியிலேயே ஓடினேன். உடற்பயிற்சி என்ற சொல்லை எவரும் உச்சரித்ததில்லை. எல்லோரும் அதனைச் செய்துகொண்டிருந்தோம். போரையும் பஞ்சத்தையும் எவன் விரும்புவான்? கால்களுக்கு வேலை இருந்தது என்பதை மாத்திரமே சொல்கிறேன். 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோதும் தந்தையாரின் வண்டியைத் துடைத்து ஓடினேன். எரிபொருள் வந்ததும் அது மீண்டும் கொட்டிலுக்குப் போயிற்று. அத்துடன் என் இடுப்பும் பெருத்தது.

1953இல் இலண்டனில் ஜெரமி மொறிஸ் என்னும் வைத்தியர் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. இரண்டு தட்டு பஸ் வண்டிகளில், நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளிலும் பார்க்க, படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என அவர் கண்டார். நடத்துநர் எவரும் பயிற்சி செய்யப் போகவில்லை. அவர்களுடைய தொழிலிலேயே பயிற்சி இருந்தது.

புரட்டாதி தொடக்கம் தந்தையாரின் வண்டியிலேயே கல்லூரிக்குச் செல்கிறேன். போக நான்கு கிலோமீற்றர், வர நான்கு கிலோமீற்றர். ஒவ்வொரு தடவைக்கும் ஏறக்குறைய இருபது நிமிடம். ஐந்து நாளில் 200 நிமிடமாகின்றது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு ஆகக்குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையே கேட்கின்றது.

உணவிலும் துறவு பூணவில்லை. நாளுக்கு ஐந்து தேநீரில் இரண்டு கரண்டி வீதம் ஏறக்குறைய 40 கிராம் சீனி குடித்து வந்தேன், அதனை நிறுத்தினேன். சிவப்பரிசிச் சோறு கோப்பையின் காற்பங்கு. மரக்கறியும் கீரையும் அரைப்பங்கு. மீனோ பருப்போ எஞ்சிய பங்கு. இரவில் குரக்கன் பிட்டு அல்லது இடியப்பம், அளவோடு.

அமெரிக்காவில் நீரிழிவின் வாசற்படியில் நின்ற 3,234 பேரை வைத்து நடத்திய பெரும் ஆய்வு 2002இல் வெளியாயிற்று. உடல் நிறையில் 7 சதவீதம் குறைத்தல், வாரம் 150 நிமிடம் உழைத்தல் என்னும் இரண்டு இலக்குகளை மேற்கொண்ட பகுதியினரிடையே நீரிழிவு தோன்றுவது 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் நடந்த இவ்வகை ஆய்வும் 2006இல் அதே திசையையே காட்டியது. அங்கு குறைவு 28.5 சதவீதம்.

2025 வைகாசியில் மீண்டும் பரிசோதித்தார்கள். நிறை 78, இடுப்பு 94, சீனி 103. முழுப்புள்ளி அன்று, சித்தியே. "படியிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டீர்கள், மாஸ்டர். இன்னும் இறங்குங்கள்" என்றார் வைத்தியர். அன்றுதான் பழைய அறிக்கையையும் புதியதையும் தாயாரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்பாவின் சைக்கிளை நீ எடுத்தபோதே எனக்கு விளங்கியது" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாணவனும் இப்பொழுது காலையில் உண்டுவிட்டே வருகிறான். அவனைப் பரிகசித்தோரை அழைத்துப் பேசினேன். என் பிழையையும் வகுப்பின் முன் ஒப்புக்கொண்டேன். சில காலைகளில் அவனுடைய வண்டியும் என் வண்டியும் சந்தியிற் சந்திக்கின்றன. நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கின்றது. கரும்பலகையிற் பிழையாக எழுதிய கணக்கை அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். ஆசிரியன் தன் வாழ்க்கையாற் போட்டுக்காட்டும் கணக்கைப் பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள்.

மாணவ நேயர்களே, எந்த நாகரிக உணவுமுறையையும் பின்பற்றுமுன் ஒருமுறை உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். ஒருமுறை உங்கள் தாயாரையும் கேளுங்கள். சோறு ஒரு பாவமும் செய்யவில்லை. அதை அளவின்றி உண்டுவிட்டு அமர்ந்திருந்தவன் நானே.