நீர்மூழ்கியைத் தேட விமானமே இல்லை... ராணுவ பட்ஜெட்டை வெட்டிய பிரிட்டனுக்கு என்ன ஆச்சு?

2010 அக்டோபரில் அப்போதைய பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன், ராணுவச் செலவை 4 ஆண்டுகளில் 8 சதவீதம் குறைப்பதாக அறிவித்தார். பொருளாதார நெருக்கடியில் கஜானா காலி என்பதுதான் காரணம்.

எதெல்லாம் போச்சு?

ஆர்க் ராயல் விமானந்தாங்கி கப்பலுக்கு ஓய்வு. ஹாரியர் போர் விமானங்களும் மொத்தமாக நிறுத்தம். நீர்மூழ்கிகளைத் தேட 300 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி உருவாக்கிய புதிய நிம்ராட் விமானங்கள், படையில் சேரும் முன்பே உடைக்கப்பட்டன.

சில மாதங்களிலேயே சோதனை

2011 மார்ச்சில் லிபியா போர் வந்தது. பிரான்ஸ் விமானந்தாங்கி கப்பலை அனுப்பியது. பிரிட்டனிடம் போர் விமானங்களை ஏற்றிச் செல்லக் கப்பல் இல்லை. டொர்னாடோ விமானங்கள் இங்கிலாந்திலிருந்தே கிளம்பி, நடுவானில் எரிபொருள் நிரப்பி, சுமார் 3,000 மைல் போய்த் திரும்பின.

பெரிய அடி எது?

நிம்ராட் இல்லாமல் போனதுதான். பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் ஸ்காட்லாந்தில்தான் நிற்கின்றன. 2014 இறுதியில் அந்தக் கடல் பகுதியில் மர்ம நீர்மூழ்கி நடமாட்டம் தெரிந்தபோது, தேடுவதற்கு அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் விமானங்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மீண்டது எப்போது?

மாற்றாக வாங்கிய அமெரிக்காவின் பி-8 விமானம் 2020ல்தான் வந்து சேர்ந்தது. இதே ரக விமானம் 2013லேயே நம்ம அரக்கோணம் கடற்படைத் தளத்துக்கு வந்துவிட்டது!

அதுவரை தொழில் மறந்துவிடக் கூடாதென்று, பிரிட்டன் தன் வீரர்கள் சிலரை நட்பு நாட்டுப் படைகளில் வேலை பார்க்க அனுப்பியிருந்தது. விமானத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். அனுபவமுள்ள ஆட்களை அப்படி வாங்க முடியாதே!