ஆன்டெனாவை மாற்றினால் அனுமதி நிற்குமா?

மும்பை லாமிங்டன் ரோட்டில் வயர்லெஸ் சாமான் விற்கிற என்னிடம் நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பையன் படிப்பு முடித்துச் சின்னதாக ஒரு கம்பெனி போட்டிருப்பான். தண்ணீர்த் தொட்டியின் மட்டம் சொல்லும் பெட்டியோ, குளிர்பதன அறையின் வெப்பநிலை காட்டும் பெட்டியோ செய்வான். உள்ளே இருப்பது ஏற்கெனவே அரசு அனுமதி பெற்ற வைஃபை மாட்யூல். "அனுமதிதான் மாட்யூலுக்கே இருக்கே மாமா, ஆன்டெனா எதைப் போட்டா என்ன?" என்பான்.

அமெரிக்காவுக்கு அனுப்புவதாக இருந்தால் அப்படி விட முடியாது. அங்கே எஃப்.சி.சி. என்ற ஆணையம் மாட்யூலை மட்டும் தனியே சோதிப்பதில்லை. குறிப்பிட்ட ஆன்டெனாக்களோடு சேர்த்தே சோதித்து அனுமதி தருகிறது. ஆனால் அதே கம்பெனி ஆன்டெனாவைத்தான் போடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவர்கள் விதிகளின் 15ஆம் பகுதி, 204ஆம் பிரிவு வழிவிடுகிறது: மாற்று ஆன்டெனா அதே வகையாக இருக்கவேண்டும், அதன் கெயின் சோதித்ததற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கவேண்டும். இரண்டும் பொருந்தினால் புது அனுமதி தேவையில்லை.

கெயின் என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆன்டெனா சக்தியை உற்பத்தி செய்வதில்லை. டார்ச் விளக்கின் கிண்ணம் போல, இருக்கிற ஒளியை ஒரு பக்கமாகக் குவிக்கிறது, அவ்வளவுதான். இதை டிபிஐ என்று அளக்கிறோம். 3 ஏறினால் அந்தத் திசையில் இரு மடங்கு, 10 ஏறினால் பத்து மடங்கு. 2 டிபிஐ ஆன்டெனாவோடு சோதித்த மாட்யூலில் 5 டிபிஐ குச்சியைத் திருகினால், அந்தத் திசையில் அலை இரு மடங்காகிறது.

"மொத்தச் சக்தி வரம்புக்குள்தானே இருக்கிறது" என்று சிலர் வாதாடுவார்கள். சிக்கல் பெரும்பாலும் ஓரத்தில்தான் வருகிறது. வைஃபைக்கு விட்ட இடம் 2483.5 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதற்கு மேல் 2500 வரை தடைசெய்த அலைவரிசை. 11ஆம் சானலில் பேசும்போது அங்கே கொஞ்சம் கசியும். கெயின் கூடினால் அந்தக் கசிவும் சேர்ந்தே கூடும். ஆன்டெனா வகை முக்கியமாவதும் இதனால்தான். டைபோலுக்குப் பதில் டைபோல் போடலாம். டைபோலுக்குப் பதில் தட்டையான பேட்ச் வைத்தால், கெயின் குறைவாயிருந்தாலும் அது வேறு வகை. அலை பரவும் விதமே வேறு. அப்போது சோதனை செய்து, அனுமதி பெற்றவர் வழியாகத் திருத்தம் கேட்கவேண்டும். மாட்யூல் கம்பெனி சின்ன வாடிக்கையாளருக்காக அவ்வளவு சிரமப்படுமா என்பது வேறு கதை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கடைத்தெருவில் சில்லறையாக வாங்கிய ஆன்டெனாவைப் போட்டுப் பெட்டிகளைக் கட்டிவிட்டார்கள். வெளிநாட்டு வியாபாரி ஆன்டெனாவின் டேட்டா ஷீட் கேட்டார். கொடுக்க ஒன்றுமில்லை. சோதனை முடியும்வரை நாலு மாதம் சரக்கு கோடவுனில் கிடந்தது. வட்டி மட்டும் ஓடியது. ஒரு சாண் குச்சியில் '9 டிபிஐ' என்று அச்சடித்து விற்கிறார்கள். அளந்து காட்டச் சொன்னால் பதில் வராது. அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள், அளந்த தாளைக் கேளுங்கள். மாட்யூலோடு எந்த ஆன்டெனா சோதிக்கப்பட்டது என்பது அதன் சோதனை அறிக்கையில் இருக்கும். எஃப்.சி.சி. எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

குறைந்த கெயின் என்றால் கவலையே இல்லையா? 2.4 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் சில சானல்கள் ராடாருக்கும் பொது. ராடாரைக் கேட்டதும் கருவி விலகிக்கொள்ளவேண்டும். காது மந்தமான ஆன்டெனா ராடாரைக் கேட்காமல் போகலாம், அதனால் அந்தச் சோதனையைக் குறைந்த கெயின் ஆன்டெனாவோடுதான் செய்கிறார்கள்.

அதே விதிகளின் 203ஆம் பிரிவு, கண்ட ஆன்டெனாவையும் பொதுமக்கள் மாட்டாதபடி தனிப்பட்ட இணைப்பு வேண்டும் என்கிறது. நம் கடையில் ஆர்.பி. எஸ்.எம்.ஏ. என்று நடுமுள் இடம் மாறிய கனெக்டர் இருக்கிறதே, அது வந்த காரணம் இதுதான். சாதா எஸ்.எம்.ஏ. ஜாக்கில் ஆர்.பி. ஆன்டெனாவைத் திருகிப் பாருங்கள்: மரை அழகாக ஏறும், நடுவில் இரண்டு பக்கமும் துளை, ஒன்றும் தொடாது. "மாட்யூல் கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொண்டுவருபவர்களில் பலருக்கு இதே கதைதான்.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவையும் சேர்த்து 100 மில்லிவாட்தான், அதாவது 20 டிபிஎம். மாட்யூல் ஏற்கெனவே அந்த விளிம்பில் இருந்தால், கெயின் கூட்டும் ஒவ்வொரு டிபிஐக்கும் மென்பொருளில் சக்தியை ஒரு டெசிபல் குறைத்தாகவேண்டும். பொறுப்பு முழுக்கப் பெட்டியைத் தன் பெயரில் விற்பவர் தலையில். இந்தியாவில் 2005 அறிவிக்கை இதே அலைவரிசைக்கு 4 வாட் வரை தாராளமாக விட்டது, கருவிக்கு டபிள்யூ.பி.சி. பிரிவின் வகை ஒப்புதல் வேண்டும்.

ஆகவே கொள்முதல் பில்லிலேயே ஆன்டெனாவின் பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். அடுத்த லாட்டில் கடைக்காரர், நானாகவே இருந்தாலும் சரி, "அதே மாதிரிதான்" என்று வேறொன்றைக் கொடுத்தால், அதன் டேட்டா ஷீட்டைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.