சென்னை விமான நிலையத்திலிருந்து புதுவைக்குப் பேருந்தில்: வழியும் வக்தும்



உம்ரா முடித்துத் திரும்பும் பெற்றோரை அழைத்துவர வேன் பிடித்துக்கொண்டு சென்னைக்குப் போவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பகலெல்லாம் கடையில் நின்ற மகன் இரவில் கண் விழித்து வண்டி ஓட்டுகிறார். வாடகைக்குச் சில நேரம் கைமாற்றும் வாங்கப்படுகிறது. "ஹாஜியார் பஸ்ஸிலா வந்தார்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சமே இதற்குப் பெரிய காரணம். பேருந்தில் வருவதில் எந்தக் குறைவும் இல்லை. வீண் செலவும், தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவதும்தான் மார்க்கம் வெறுப்பவை.

புதுவை லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருந்தாலும், வளைகுடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வருபவர்கள் பெரும்பாலும் சென்னையில்தான் இறங்குகிறார்கள். அங்கிருந்து பேருந்தில் ஊர் சேரும் வழியையும், அந்த வழியில் தொழுகை தவறாமல் பார்த்துக்கொள்ளும் முறையையும் சேர்த்தே இங்கு விளக்குகிறோம்.

இரண்டு பாதைகள்

முதலாவது, திண்டிவனம் வழி. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தெற்கே செல்லும் அரசுப் பேருந்துகள் அதன்பின் படிப்படியாக அங்கு மாறின. விமான நிலையம் இருக்கும் அதே ஜி.எஸ்.டி. சாலையில், தாம்பரத்தையும் வண்டலூரையும் தாண்டி இந்த முனையம் இருக்கிறது. விமான நிலைய வாசலுக்கு வெளியே சாலையில் மாநகரப் பேருந்து கிடைக்கும். எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் உள்ளது; அங்கிருந்து மின்சார ரயிலில் வண்டலூர் வரை போகலாம். பெட்டிகள் அதிகமென்றால் கிளாம்பாக்கம் வரை மட்டும் டாக்சி பிடியுங்கள். புதுவை வரை பிடிப்பதைவிட அது எவ்வளவோ மிச்சம். புதுவைக்கு நேரடிப் பேருந்து உடனே இல்லையென்றால் விழுப்புரம் பக்கம் போகும் வண்டியில் ஏறித் திண்டிவனத்தில் மாறலாம். ஏறும் முன், "ஊருக்குள் போகுமா, பைபாஸா?" என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பைபாஸில் பெட்டிகளோடு நிற்பது முதியவர்களுக்குப் பெரும் சிரமம்.

இரண்டாவது, கிழக்குக் கடற்கரைச் சாலை வழி. கிளாம்பாக்கம் திறந்தபோது இவ்வழிப் பேருந்துகள் கோயம்பேட்டிலேயே விடப்பட்டன. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் மாறிக் கோயம்பேடு பேருந்து நிலையம் சேரலாம். இரவு 11 மணிக்குப் பிறகு அதிகாலை 5 மணி வரை மெட்ரோ இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பேருந்து ஏற்பாடுகள் அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் முன் ஊரிலிருந்து ஒருவர் விசாரித்துச் சொல்வது நல்லது. கோட்டக்குப்பம்வாசிகள் புதுவைக்குள் நுழையும் முன்பே இறங்க வேண்டியிருப்பதால், ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லி வையுங்கள்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காரைக்கால், நாகூர் செல்பவர்கள் புதுவையில் இறங்கி, கடலூர் வழியாகச் சிதம்பரம் போகும் வண்டிகளைப் பிடிக்கலாம். பரங்கிப்பேட்டைக்கு, சிதம்பரம் வரும் முன் பி.முட்லூரில் இறங்கிப் பிரிய வேண்டும்.

வக்தைக் கணக்கிடுங்கள்

சென்னையிலிருந்து புதுவை சுமார் 150 கி.மீ.; பேருந்தில் மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். சென்னையில் சூரியன், பருவத்தைப் பொறுத்து மாலை 5.40-க்கும் 6.40-க்கும் இடையில் மறைகிறது. மஃரிப் வக்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். ஐந்து மணிக்குப் பேருந்தில் ஏறினால் மஃரிபு முழுவதும் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். வழியில் வண்டி நிற்கும் பத்து நிமிடத்தை நம்பி பர்ளை ஒப்படைக்கக் கூடாது. ஓடும் பேருந்து இருக்கையில் உட்கார்ந்து பர்ளு தொழுதால், நிற்றலும் கிப்லாவும் தவறிவிடும். எனவே மஃரிபைத் தொழுதுவிட்டு அடுத்த வண்டியில் ஏறுங்கள். ஒரு மணி நேரம் தாமதமாவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அதிகாலையில் இறங்குபவர்களுக்கு சுபுஹுக்கும் இதே கணக்குதான்.

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புபவர், தம் ஊர் எல்லைக்குள் நுழையும் வரை முஸாஃபிர்தான். லுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்களாகக் கஸ்ர் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் அப்படிச் சுருக்கித் தொழுவது கட்டாயம். மஃரிபிலும் சுபுஹிலும் குறைப்பு இல்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கையும் முழுமையாகத் தொழ வேண்டும். லால்பேட்டைக்காரர் புதுவையில் வண்டி மாறும்போதும் முஸாஃபிர்தான். புதுவை முல்லா வீதிக்காரருக்கோ ஊர் எல்லையில் அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபினர் மஃரிபையும் இஷாவையும் மஃரிப் வக்திலேயே சேர்த்துத் தொழுதுவிட்டுப் பேருந்தில் ஏறலாம். ஹனஃபி மத்ஹபில், ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர இப்படிச் சேர்ப்பது இல்லை. இஷா வக்து நீண்டது என்பதால், அவர்கள் மஃரிபை மட்டும் தொழுதுவிட்டு இஷாவை ஊரில் தொழலாம். ஊர் சேர்ந்துவிட்டால் அது நான்கு ரக்அத்கள்தான்.

பயணத்தில் லுஹரோ அஸரோ தவறி, வீட்டில் களா செய்தால், ஹனஃபியில் இரண்டு ரக்அத், ஷாஃபிஈயில் நான்கு. உங்கள் மத்ஹபைத் தெரிந்து நடந்துகொள்ளுங்கள்.

சில ஏற்பாடுகள்

சாதாரண பேருந்தில் பெரிய பெட்டி வைக்க இடம் குறைவு. அடியில் சாமான் அறையுள்ள விரைவுப் பேருந்தைத் தேர்ந்தெடுங்கள். ஜம்ஜம் கேனைக் கால்மாட்டில் வைக்காமல் மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். உளூவுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் சிறிய முஸல்லாவும் கையில் இருக்கட்டும். நம் பகுதியில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி வரும்போது கடல் இடப்புறம், கிப்லா வலப்புறம் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். பெண்கள் மஹ்ரம் துணையோடு வர ஏற்பாடு செய்யுங்கள். முதியவர்களை அழைத்துவர மகன் கட்டாயம் போகத்தான் வேண்டுமென்றால், பேருந்தில் போய்ப் பேருந்திலேயே கூட்டி வரலாம்.

பயணம் சிரமத்தின் ஒரு பகுதி என்றும், வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தினார்கள். விரைந்து வருவது என்றால் உயிரைப் பணயம் வைத்து வருவதல்ல. விமானச் சீட்டு எடுக்கும் அன்றே பேருந்தையும் வக்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டால், பணமும் மிஞ்சும், பர்ளும் தவறாது, வண்டி ஓட்டி வரும் பிள்ளையின் உயிருக்காக வீட்டில் யாரும் தவிக்கவும் வேண்டியதில்லை.

அல்லாஹ் நம் பயணிகள் அனைவரையும் பத்திரமாக அவரவர் இல்லம் சேர்ப்பானாக. ஆமீன்.