பால் குடிக்காத பால் பைத்தான்

பெயரைக் கேட்டுவிட்டுக் கிண்ணத்தில் பால் ஊற்றி வைக்க வேண்டாம். பால் பைத்தானில் உள்ள ‘பால்’, பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருளும் இந்தச் சிறு மலைப்பாம்பின் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுப் பிராணியாகிவிட்டது. (நம் ஊர் நாகம், சாரை, மலைப்பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது.)

இதற்குக் குடிக்கத் தண்ணீர், தின்ன எலி. எலும்பு, ஈரல், ரோமம் எல்லாம் சேர்ந்த முழு எலி. அங்கே கடைகளில் உறையவைத்த எலிகளே பொட்டலமாகக் கிடைக்கின்றன. உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டால், தப்ப வழியில்லாத எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும். எலியின் பருமன், பாம்பு உடம்பின் தடித்த பாகத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்கு வாரம் ஒன்று போதும். வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று.

முந்தின இரவே எலியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிட வேண்டும். மைக்ரோவேவ் ஆகாது, ஒரு பக்கம் வெந்து, இன்னொரு பக்கம் உறைந்தே கிடக்கும். கொடுக்கும் முன் பையில் கட்டி வெந்நீரில் போட்டு, உயிருள்ள எலியின் சூட்டுக்கு, சுமார் 38 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பாம்பின் மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் உண்டு. இரையின் சூட்டை இருட்டிலும் அறிபவை அவை. ஆறிப்போன எலியை அவை பொருட்படுத்துவதில்லை.

நீண்ட இடுக்கியில் எலியைப் பிடித்து லேசாக ஆட்டினால், முதலில் நாக்கு வெளியே வரும். கழுத்து மெல்ல வளைந்து பின்வாங்கும். அடுத்த கணம் எலி சுருளுக்குள். செத்த எலிதான் என்றாலும் இறுக்கிவிட்டுத்தான் தளர்த்தும். பிறகு நாக்கால் தடவித் தலையைத் தேடும். தலைப்பக்கமிருந்து விழுங்கினால் எலியின் காலும் ரோமமும் படிந்துகொடுக்கும். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முகவாயில் ஒட்டாதவை. வலது, இடது என மாறி மாறி இரையை உள்ளே இழுக்கும். வாய் நிறைந்திருக்க, மூச்சுக்குழல் நாக்கடியிலிருந்து வெளியே நீண்டு காற்று வாங்கும்.

அதன் பிறகு இரண்டு நாள் பாம்பைத் தூக்கக் கூடாது. பர்மிய மலைப்பாம்பின் இதயம் இரையெடுத்த 48 மணி நேரத்தில் 40 சதவீதம் பெருக்கிறது என 2005-இல் கண்டறிந்தார்கள். செரிமானம் அத்தனை பெரிய வேலை. அதற்கு வெளிச்சூடு வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி இல்லையென்றால் தின்றதைக் கக்கிவிடலாம்.

புதிதாக வளர்ப்பவரைக் கலங்கடிப்பது பாம்பின் பட்டினிதான். இடம் மாறினால் தின்னாது. சட்டை உரிக்குமுன் கண் நீலம் பூத்திருக்கும்போது தின்னாது. வளர்ந்தவை மாதக்கணக்கில்கூட வாய் திறக்காது. சமையலறைத் தராசில் எடை பெரிதாகக் குறையவில்லை என்றால் பயமில்லை. குறைந்துகொண்டே போனால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடாத எலியைக் குப்பையில் போட்டுக் கையைச் சோப்பால் கழுவிவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் இடுக்கியை நீட்டிப் பார்க்கலாம். பசித்தால் கழுத்து தானே வளையும்.