கெய்ரோவில் படபடத்த நெஞ்சு

கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் சாலையைக் கடக்க முடியாமல் கால் மணி நேரம் நின்றேன். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சென்னை ரங்கநாதன் தெருவில் புகுந்து வந்த ஆள் நான். கூட்டமும் ஹார்ன் சத்தமும் நமக்கென்ன புதுசா என்ற மிதப்பு. ஆனால் வாய் உலர்ந்தது, உள்ளங்கை வியர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. வண்டிகளோ நிற்பதாகத் தெரியவில்லை.

நெரிசல் அல்ல, புரியாமை

'கலாசார அதிர்ச்சி' என்ற பெயரைப் பரவலாக்கியவர் மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். 1954இல் பிரேசிலில் ஆற்றிய உரையில் அவர் சொன்ன காரணம் எளிமையானது. எப்போது கை குலுக்குவது, யாருக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது என்று அன்றாடம் யோசிக்காமலே செய்யும் விஷயங்களுக்கான குறிப்புகள் புது ஊரில் கிடைப்பதில்லை. பதற்றம் அதனால் வருகிறது.

ரங்கநாதன் தெருவின் குழப்பம் எனக்குப் படிக்கத் தெரிந்த குழப்பம். கெய்ரோவில் அப்படியில்லை. டாக்ஸிக்காரர் ஒருவர் ஐந்து விரல்களையும் குவித்து மேலும் கீழும் ஆட்டினார். சாப்பிட்டாயா என்கிறாரா, திட்டுகிறாரா? 'கொஞ்சம் பொறு' என்பதற்கு எகிப்தில் அதுதான் சைகை என்று விடுதிக்காரர் பிறகு சொன்னார்.

உடம்புக்குள் நடப்பது

அடுத்து என்ன வரும் என்று கணிக்க முடியாதபோது மூளை அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து நாடித்துடிப்பு ஏறுகிறது, கார்டிசாலும் கூடுகிறது. தூக்கம் கெடும், வயிறு மக்கர் பண்ணும், ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும். குளிர்காலத்தில் கெய்ரோ நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தால், பகலில் எரிச்சல் இரட்டிப்பாகும்.

முதல் இரண்டு நாள்

போன அன்றே பிரமிடு, அருங்காட்சியகம், கான் எல் கலீலி கடைத்தெரு என்று அடைத்துப் போட்ட பயணத் திட்டத்தை நான் திட்டமென்றே சொல்லமாட்டேன். விடுதியைச் சுற்றி நாலு தெரு நடந்தால் போதும். ஒரே டீக்கடைக்கு மறுபடி மறுபடி போங்கள்; பழகிய முகம் ஒன்று கிடைத்தாலே பாதிப் படபடப்பு அடங்கும். மதியம் அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் இருங்கள். பாலைவனக் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், தாகம் தெரியாது. தண்ணீரைக் கணக்கு வைத்துக் குடிக்க வேண்டும்.

சாலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அங்கே வண்டிகள் வலப்புறம் ஓடும். நம் கழுத்து பழக்கத்தில் முதலில் வலப்பக்கம் திரும்பும். வண்டியோ இடப்பக்கமிருந்து வரும். உள்ளூர்க்காரர் ஒருவரை ஒட்டி, ஓடாமல் சீரான நடையில் கடப்பதே நல்லது.

எப்போது மருத்துவர்?

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கைகொடுக்கும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் 'ஊர் புதுசு, அதனால்தான்' என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வாரம் கடந்தும் தூக்கமில்லை, அறையை விட்டு வெளியே வரவே பயம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம்.

வழக்கமான மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரைக்கு எகிப்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பும் அட்டையை வாங்கிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.