கம்பியில்லா இணைப்பும் மறைசாவியும்

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளையும் 1924ஆம் ஆண்டிற் கல்லடிப் பாலம் இணைத்தது. கணினியையும் கம்பியில்லா விளையாட்டுக் கட்டுப்படுத்தியையும் இணைக்கும் புளூடூத்துக்கோ பாலம் மட்டும் போதாது, மறைசாவியும் வேண்டும்.

முதன்முறை இணையும்போது இரு கருவிகளும் ஒரே சாவியை உருவாக்கித் தத்தம் நினைவகத்திற் பதித்துக்கொள்கின்றன. அவை ஒத்திருந்தாலன்றி மறுமுறை இணைப்பு நிகழாது. பல கட்டுப்படுத்திகள் ஒரு சாவியையே காக்கவல்லன. வேறொரு கணினியோடோ, அதே கணினியின் வேறோர் இயங்குதளத்தோடோ இணைத்தால் பழையது அழியும். லினக்ஸோ பழையதையே பற்றி நிற்கும்.

ஆதலின் பழுதெனக் கருவியை எறிதல் தகாது. புளூடூத்சிடிஎல் என்னும் கட்டளை நிரலிற் பழைய பதிவை நீக்குக. கட்டுப்படுத்தியை இணையும் நிலையில் வைத்துப் புதிதாய் இணைக்குக. இறுதியில் நம்பகமானதெனக் குறிக்குக. இம்மூன்றாம் படியை மறந்தால், கட்டுப்படுத்தி தானாக மீண்டும் இணைவது தடைப்படக்கூடும். பெரும்பாலும் கெட்டது கருவியன்று, இருபாலுக்குமிடையேயுள்ள உடன்பாடே.